துப்பறியும் கதை பிறந்த கதை

ஆடி மாதத்தில் குந்தா மலைப் பக்கம் செல்பவர்கள் எதையும் முழுமையாகக் கண்டுவிட முடியாது. மஞ்சூரில் பேருந்தைவிட்டு இறங்கினால் எதிரிலுள்ள தேநீர்க் கடையின் விளக்கு தெரியும், கடை தெரியாது. ஆள் வருவது காலடி ஓசையால் புலப்படும். வருபவர் யார் என்பது அவர் அருகில் வந்து குடையை மடக்கிய பிறகே விளங்கும். அந்நாட்களில் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் பொழுது சாயுமுன்பே கதவைச் சாத்திவிட்டு, எல்லாரும் அடுப்பைச் சுற்றி அமர்ந்துவிடுகின்றனர். கதை சொல்வதற்கும் கேட்பதற்கும் அதைவிட ஏற்ற நேரம் வேறில்லை.

அத்தகைய ஒரு மாலையில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் ஒன்றின் இல்லத்தில் நாம் அமர்ந்திருந்தோம். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத்து மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வாழ்வளிக்கவே தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று டான்டீ என்று எல்லாரும் சொல்லும் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததே. குந்தாவின் சரிவுகளிலும் அம்மக்கள் குடியேறினர். நாம் சந்தித்த பெரியவர் தம் தந்தையாருடன் தலைமன்னாரில் கப்பலேறியபோது இளைஞர். இன்று அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேலாகிறது.

தந்தையார் கொண்டுவந்த தகரப் பெட்டியை அவர் நமக்குத் திறந்து காட்டினார். குடும்ப அட்டை, ஞானஸ்நானச் சீட்டுகள், மணி உதிர்ந்த செபமாலை, இவற்றிற்கு அடியில் ஒரு துணி முடிச்சு. அதனுள்ளே ஒரு புத்தகம். அட்டை இல்லை; முதற் பக்கங்கள் இல்லை; கடைசிப் பக்கங்களும் இல்லை. தாள்கள் பழுத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன.

“எங்கள் லயத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் என் தகப்பனார் ஒருவர்தாம், ஐயா. அவர் வாசிப்பார், பத்துக் குடும்பம் சுற்றி உட்கார்ந்து கேட்கும்” என்றார் பெரியவர்.

“முடிவுப் பக்கங்கள் எப்போது போயின?”

“எங்கள் கைக்கு வரும்போதே இல்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு முடிவு சொல்வார். ஒன்று மட்டும் மாறாது. வீண்பழி சுமந்தவன் விடுதலையாகிவிடுவான்.”

சற்று நேரம் கழித்து அவர் சொன்ன செய்தியை இங்கே சுருக்கமாகக் குறிப்பிடுகிறோம். அக்கரையில் ஒரு தோட்டத்தில் அவருடைய தந்தையார் வேலை செய்த காலத்தில், அரிசி ஸ்டோரில் மூட்டை ஒன்று குறைந்தது. பழி அவர்மேல் விழுந்தது. மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடவில்லை. பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். குடும்பம் வேறு தோட்டம் தேடி நடந்தது. “யாராவது ஓர் ஆள் வந்து, என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் போதும், ஐயா. கேட்கவே இல்லை” என்றார். இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒரு சொல்லில்தான் அவருடைய குரல் கம்மியது.

நாம் அப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். துப்பறிபவர் பெயர் கோவிந்தன். காதலியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் வாடும் இளைஞன் பெயர் கோபாலன். இவ்விரண்டு பெயர்களே போதுமானவை. அது ஜே. ஆர். ரங்கராஜு எழுதி 1908இல் வெளிவந்த ‘இராஜாம்பாள்’. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் கடல் கடந்த தமிழரிடையேயும் கைமாறிக் கைமாறிக் கிழிந்த நாவல்களுள் ஒன்று.

துப்பறியும் நாவல் என்றதும் நம் குடும்பங்களில் முகஞ்சுளிப்போர் உளர். பள்ளிப் புத்தகத்துள் மறைத்து வைத்துப் படித்து அடி வாங்கிய அனுபவம் வாசகர் பலருக்கும் இருக்கலாம், நமக்கும் உண்டு. ஆயினும், படிப்பறியாத பத்துக் குடும்பங்கள் ஒரு கிழிந்த புத்தகத்தைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தன என்றால், அதில் பொழுதுபோக்கினும் மேலான ஒன்று இருந்திருக்க வேண்டும். இவ்வகைக் கதை நம் மொழிக்கு எப்போது வந்தது, ஏன் வந்தது என்று தேடிப் பார்க்கும் எண்ணம் அம்மாலையில்தான் நமக்கு உண்டாயிற்று.

குற்றத்தை ஆராய்ந்து உண்மை காண்பது தமிழருக்குப் புதிதன்று. ஒற்றாடலுக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை யாது? பொற்கொல்லன் சொல்லை நம்பினான், விசாரிக்கவில்லை. கண்ணகி அரசவையில் வந்து கண்ணீர் விட்டதோடு நின்றாளில்லை. சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பினுள் முத்து. அவள் சிலம்பினுள் மாணிக்கம். கண்ணால் காணும் சான்றுப் பொருளைக் கொண்டு வழக்கு வென்ற முதல் தமிழ்ப் பெண் அவளே. வழக்கு வென்றும் கணவன் மீளவில்லை என்பதே அக்காப்பியத்தின் துயரம்.

நம் திருமறையிலும் இதற்கு ஒப்பான பகுதி உண்டு. தானியேல் ஆகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், மாசற்ற சூசன்னாள்மீது இரண்டு முதியோர் பழி சுமத்துகின்றனர். மக்கள் அவளைக் கொல்லக் கொண்டுசெல்கின்றனர். இளைஞனான தானியேல் இடைமறித்து, அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ்க் கண்டீர்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்கிறான். இருவரும் இரு வேறு மரங்களைச் சொல்கின்றனர். அடுத்த அதிகாரத்தில் பேல் கோவில் தரையில் சாம்பலைத் தூவி, இரவில் வந்து படையலை உண்டவர்களின் காலடித் தடங்களை அரசனுக்குக் காட்டுகிறான். ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் 1928இல் துப்பறியும் கதைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, இவ்விரண்டையும் அத்தொகுப்பில் சேர்த்தார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சூசன்னாள் கதையைக் கேட்ட சிறுவன் பிற்காலத்தில் துப்பறியும் நாவலைத் தேடினால், அவனை முற்றிலும் குறை சொல்வதற்கில்லை.

எனினும் பழைய கதைகளில் உண்மையைக் காண்பவர் தெய்வ அருள் பெற்றவராகவோ, கற்பின் வலிமையுடையவராகவோ, மரியாதைராமனைப் போன்ற பிறவி மேதையாகவோ இருப்பார். சம்பளம் வாங்கிக்கொண்டு சான்று தேடும் ஒருவர் கதைத் தலைவராவதற்கு நாட்டில் வேறு சில மாறுதல்கள் நிகழ வேண்டியிருந்தது.

அம்மாறுதல்களின் வரலாறு இனிமையானதன்று. சென்னை மாகாணத்தில் வரி தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டு, 1855இல் அதன் அறிக்கை வெளிவந்தது. விரல்களை இறுக்கும் கிட்டி, குனியவைத்துக் கட்டும் அண்ணந்தாள் ஆகிய நம் ஊர்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் இடம்பெற்றிருக்கின்றன. திருடியவன் யார் என்று தேடுவதைவிட, அகப்பட்டவனைக் கிட்டியில் இறுக்கி ஒப்புக்கொள்ளச் செய்வது எளிதாக இருந்தது. இதன் பின்னரே 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்று 25ஆம் பிரிவில் விதித்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த விதி புதியதிலும் நீடிக்கிறது.

விதி ஏட்டில் ஏறியதால் அடி நின்றுவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொன்னால் வாசகர் சிரிப்பர். ஆனால் ஒரு புதிய கேள்வி பிறந்துவிட்டது. வாக்குமூலம் மட்டும் போதாது என்றால், வேறு எதைக் கொண்டு குற்றத்தை நிறுவுவது? இரத்தக்கறை, காலடித் தடம், கடிதத்தின் கையெழுத்து, இரயில் வந்த நேரம் என்று ஒருவர் தேடித்தான் ஆகவேண்டும். துப்பு என்ற சொல்லுக்கு நாட்டில் வேலை வந்தது இவ்வாறே.

தமிழ் நாவலே நீதிமன்றத்துக்கு அருகில் பிறந்த குழந்தை என்பதை இங்கே நினைவுகூரலாம். முதல் தமிழ் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். முன்சீப்பாக அமர்ந்து வழக்குகளைத் தீர்த்தவர். உயர் மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தளித்தவர். அவருடைய கதைத்தலைவி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அரியணையில் அமர்ந்து நீதி வழங்குகிறாள். அது துப்பறியும் நாவல் அன்று. ஆனால் பின்னால் வந்த துப்பறியும் நாவல்களில் சலிக்கச் சலிக்க வரும் வேடமும் விசாரணையும் அதிலேயே தலைகாட்டிவிட்டன.

பதினைந்தே ஆண்டுகள் கழித்து, 1894இல், பண்டித நடேச சாஸ்திரியார் ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’ என்ற நூலை வெளியிட்டார். தமிழின் முதல் துப்பறியும் நூல் இதுவே என்பர். இராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ மாத இதழில் தொடராக வந்துகொண்டிருந்த காலம் அது. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல்தான் வரவிருந்தது. ஆகவே துப்பறியும் கதையைத் தமிழ் நாவலுக்குப் பின்னாளில் ஒட்டிக்கொண்ட ஒட்டுண்ணி என்று தள்ளுவது பொருந்தாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே தொட்டிலில் கிடந்தவை.

நடேச சாஸ்திரியார் எளிய மனிதர் அல்லர். 1859இல் பிறந்தவர். தொல்பொருள் துறையில் இராபர்ட் சூவெல் என்பவருடன் கல்வெட்டாராய்ச்சி செய்தவர். பிறகு பத்திரப் பதிவுத் துறையில் பணியாற்றியவர். தென்னாட்டு நாடோடிக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டவர். சிதைந்த கல்லில் தேய்ந்த எழுத்தைக் கூட்டிப் படிப்பதும், பத்திரத்தில் கையெழுத்து மெய்யா பொய்யா என்று பார்ப்பதும் பழகிய கண்ணுக்குத் துப்பறியும் கதை பிடித்துப்போனதில் வியப்பில்லை. ‘தீனதயாளு’ முதலிய குடும்ப நாவல்களையும் அவரே எழுதினார். 1906இல் மறைந்தார்.

தானவன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் இங்கிலாந்தில் டிக் டானவன் என்ற புனைபெயரில் பிரஸ்டன் மட்டாக் என்பவர் துப்பறியும் கதைகள் எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார். டானவன் கடல் கடந்து வந்து தானவன் ஆனான். வடமொழியில் தானவன் என்றால் அசுரன்! குற்றவாளிகளுக்கு அவன் அசுரன்தானே என்று சாஸ்திரியார் உள்ளுக்குள் நகைத்திருப்பாரோ என்னவோ.

இரவற் பொருளென்று இதை இகழ வேண்டியதில்லை. அந்நாளில் உலகமே இக்கதையை ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கரான எட்கார் ஆலன் போ 1841இல் பாரிஸ் நகரைக் களமாகக் கொண்டு தம் துப்பறியும் கதையை எழுதினார். வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய நாவல், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளை போன ஒரு வைரத்தைப் பற்றியது. நமது நீலகிரி கும்பினியார் கைக்கு மாறியதும் அதே ஆண்டில்தான். கோனான் டாயில் 1887இல் ஷெர்லக் ஹோம்ஸை அறிமுகப்படுத்தினார். வங்காளத்தில் பிரியநாத் முகோபாத்தியாயர் என்ற போலீஸ் அதிகாரியே தம் வழக்குகளைக் கதைகளாக்கினார். இந்தியில் கோபால்ராம் கஹ்மரி 1900இல் துப்பறிவோன் என்று பொருள்படும் ‘ஜாசூஸ்’ என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். போலீசும் நீதிமன்றமும் இரயிலும் அச்சகமும் சென்ற இடமெல்லாம் இக்கதையும் பின்னால் சென்றது.

தமிழில் இதைப் பெருவெள்ளமாக்கியவர் ஆரணி குப்புசாமி முதலியார். ‘ஆனந்தபோதினி’ இதழின் ஆசிரியராக விளங்கி, 1925இல் மறைந்தவர். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் கதைகளை அவர் தமிழாக்கினார். ஷெர்லக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தஸிங் ஆனான். ஊரும் பேரும் உடையும் மாறின. இலண்டன் பனி மட்டும் அங்கங்கே மிஞ்சிவிட்டது. குந்தாவில் வாழ்பவர்களுக்கு அது குறையாகத் தோன்றாது.

ரங்கராஜுவிடம் வரும்போதுதான் கதை இம்மண்ணில் வேர் பிடிக்கிறது. அவர் எழுதிய நாவல்கள் எண்ணிக்கையில் மிகச் சில. ஆனால் அவற்றில் வருபவர்கள் நாம் அறிந்த மனிதர்கள்: பணத்துக்காக மகளைக் கிழவனுக்குக் கொடுக்க நினைப்பவர்கள், கைலஞ்சம் வாங்கும் அதிகாரிகள், பக்தி வேடம் போடுகிறவர்கள். ‘சந்திரகாந்தா’ ஒரு மடத்தலைவரின் ஒழுக்கக்கேட்டை வெளிப்படுத்தியது. இந்தியில் தேவகி நந்தன் கத்ரி எழுதிய அதே பெயருடைய மாயாஜாலக் கதை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. ‘இராஜாம்பாள்’ 1935இலும் 1951இலும் திரைப்படமாயிற்று. ‘சந்திரகாந்தா’ 1936இல் படமாகியது.

‘இராஜாம்பாள்’ கதையில் நம் கவனத்தை ஈர்ப்பது கொலையாளி யார் என்ற புதிர் அன்று. ஆங்கிலக் கதைகளில் வாசகன், ‘செய்தவன் யார்?’ என்று கேட்டுக்கொண்டே பக்கம் புரட்டுகிறான். தமிழ்க் கதையில் தீயவன் யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். சில நாவல்களில் முதல் அத்தியாயத்திலேயே அவன் மீசையைக் கண்டு நாம் தெரிந்துகொள்கிறோம். நம் நெஞ்சை அடைப்பது வேறு கேள்வி: செய்யாதவன் தப்புவானா? உறவினர் கைவிட்டனர், சாட்சிகள் விலைக்கு வாங்கப்பட்டனர், தூக்குமரம் காத்திருக்கிறது. அப்போது ஒரு மனிதர் வந்து, என்ன நடந்தது என்று முதன்முதலாகக் கேட்கிறார். அவர்தாம் கோவிந்தன். கதையின் முடிவை நாம் இங்கே சொல்லப்போவதில்லை. இனிமேல் படிக்க இருப்பவர்கள் கோபித்துக்கொள்வர்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் வழி வேறு. 1880இல் பிறந்து 1942இல் மறைந்த அவர் ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல் அல்லது திகம்பர சாமியார்’ போன்ற நாவல்களால் வீடுதோறும் புகுந்தார். அவருடைய துப்பறிவாளர் போலீஸ்காரர் அல்லர், சாமியார். வேடத்துக்குமேல் வேடம் மாற்றுவார். 1950இல் வந்த திகம்பர சாமியார் படத்தில் எம். என். நம்பியார் அத்தனை வேடங்களிலும் தோன்றியதை முதியவர்கள் இன்றும் சொல்வர். தலைப்பில் ‘அல்லது’ என்ற சொல் இல்லாவிட்டால் அக்காலத்தில் நாவல் நிறைவு பெறாது போலும். நடுவில் பத்துப் பக்கம் நீதிபோதனை, பிறகு திடீரென்று ஒரு நிலவறை, அதற்குள் மயங்கிக் கிடக்கும் பெண் என்று கதை ஓடும். ‘ஜகன்மோகினி’யை 1925 முதல் நடத்தி 115 நாவல்கள் எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மையாரும் தம் குடும்பக் கதைகளுள் மர்மத்தைக் கலந்தே தந்தார்.

இலக்கியம் அறிந்தவர்கள் இவற்றைச் சாடினர். மொழி கெடுகிறது, மனம் கெடுகிறது, பெண்கள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் குறை கூறப்பட்டது. மொழியைப் பற்றிய குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. பல நூல்களை இன்று பொறுமையுடன் படிக்க இயலாது. ஆனால் தமிழ்நாட்டில் கூட்டமாக அமர்ந்து ஒருவர் படிக்கப் பிறர் கேட்கும் வழக்கம் மெல்ல மறைந்து, தனியே கண்ணால் படிக்கும் பழக்கம் பரவியதில் இந்நாவல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ என்ற நூல் இதை நன்கு விளக்குகிறது. லயங்களிலோ இரு வழக்கங்களும் ஒன்றாகவே வாழ்ந்தன. புதுக்கதையைப் பழைய முறையில், இராமாயணம் கேட்பதுபோல, பத்துக் குடும்பங்கள் கூடிக் கேட்டன.

அக்கரைத் தீவைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் நாவலுக்கு இலங்கை பிந்தி வந்த நாடு அன்று. கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை 1885இலேயே ‘அசன்பேயுடைய சரித்திரம்’ எழுதினார். குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட ஒருவன் தன் பெற்றோரை அடைவதே அக்கதை. திருகோணமலையைச் சேர்ந்த கத்தோலிக்கரான எஸ். இன்னாசித்தம்பி 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’யை வெளியிட்டார். ஐரோப்பாவில் வழங்கிய பழங்கதையைத் தழுவியது; பிரிந்துபோன இரட்டைச் சகோதரர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது அதன் உட்பொருள். இவை துப்பறியும் கதைகள் அல்ல. போலீஸ் நிபுணன் எவனும் இவற்றில் வரவில்லை. எனினும் மறைந்துபோன ஓர் உண்மை, குறிப்புகளால் வெளிப்பட்டு ஒரு மனிதனுக்கு அவன் பெயரை மீட்டுக் கொடுக்கிறது. பிறந்த ஊர் எது, எந்த நாட்டுக் குடிகள் நாம் என்ற கேள்வியை இரு அரசுகளும் தங்களுக்காகப் பேசி முடிக்கக் காத்திருந்த மலையக மக்களுக்கு அத்தகைய கதைகள் எப்படி ஒலித்திருக்கும் என்பதை அந்தத் தகரப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்தபோது நாம் ஒருவாறு உணர்ந்தோம்.

துப்பறியும் துறையில் கத்தோலிக்கக் குருமாரும் கை வைத்தனர் என்பது வாசகர்களுக்கு வியப்பாயிருக்கலாம். செஸ்டர்ட்டன் 1911இல் வெளியிட்ட நூலில் தோன்றிய பிரவுன் சுவாமியார், குட்டையான, குடையை எங்கேயாவது மறந்து வைத்துவிடும் ஒரு பங்குக் குரு. தம் நண்பர் ஜான் ஓகானர் அடிகளாரைப் பார்த்தே செஸ்டர்ட்டன் அவரைப் படைத்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து மனித நெஞ்சை அறிந்தவர் என்பதால் அவருக்குக் குற்றம் புரிகிறது, பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. அவர் பிடித்த திருடனே பின்னாளில் துப்பறிபவனாக மாறி அவருக்குத் தோழனாகிறான். மற்றொரு குருவான ரோனால்டு நாக்ஸ், 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். இரகசிய வழி ஒன்றுக்குமேல் கூடாது, துப்பறிபவரே குற்றம் செய்யலாகாது, கிடைத்த துப்பை வாசகரிடம் மறைக்கலாகாது என்றெல்லாம் அவை செல்லும். வடுவூராரின் நாவல்களை அவரிடம் கொடுத்திருந்தால் பெரும்பாலான கட்டளைகளுக்குப் பாவப் பரிகாரம் விதித்திருப்பார்.

1942இல் ஆனந்த விகடனில் தேவன் ‘துப்பறியும் சாம்பு’வைத் தொடங்கினார். வங்கியில் குமாஸ்தா, அசடு, தற்செயலாகவே வெற்றி பெறுபவர். ஒரு வகைக் கதையைக் கேலி செய்து மக்கள் சிரிக்கிறார்கள் என்றால், அக்கதை அவர்களுக்கு முற்றிலும் பழகிவிட்டது என்று பொருள். நடேச சாஸ்திரியாருக்குப் பின் ஐம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அடுத்து வந்தவர் தமிழ்வாணன். ‘கல்கண்டு’ இதழில் சங்கர்லாலைப் படைத்து, 1977இல் மறையும்வரை இளைஞர்களைக் கட்டி வைத்திருந்தார். சங்கர்லால் தேநீர் அருந்தாமல் சிந்திப்பதில்லை. மேசைமீது கால்களை நீட்டி அமர்ந்து, கோப்பை கோப்பையாகக் குடிப்பார், வழக்கு தீர்ந்துவிடும். அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் யார் என்று அவர் ஒருநாளும் துப்பறிந்ததில்லை என்று மஞ்சூரில் ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். 1968இல் ‘நைலான் கயிறு’ வழியாகச் சுஜாதாவின் கணேஷ் என்ற வழக்கறிஞர் வந்தார். அவருக்குப் பின் கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜேஷ்குமார் எழுதிய நாவல்களை எண்ணுவதற்கே தனியாக ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும். காரமடை, முள்ளி, கெத்தை வழியாக நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மஞ்சூருக்கு ஏறும் பேருந்தில் ஒரு மாத நாவலை முழுவதும் படித்து முடித்துவிடலாம், தலை சுற்றாதவர்கள்.

இன்று அந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. ஆயினும் அதில் நம் பிள்ளைகள் பார்ப்பதும் பெரும்பாலும் துப்பறியும் தொடர்களே.

சில மாதங்கள் கழித்து, ‘இராஜாம்பாள்’ நாவலின் முழுமையான படி ஒன்றைத் தேடிப் பிடித்து, மீண்டும் குந்தாவுக்குச் சென்றோம். மழை விட்டிருந்தது, எதிர்ச் சரிவிலுள்ள தோட்டம் வரிசை வரிசையாகத் தெரிந்தது. பெரியவருக்குக் கண் மங்கிவிட்டதால், கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி வாசித்தாள். பழைய நடை அவளுக்கு அங்கங்கே தடுக்கியது. பெரியவர் அச்சொற்களை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார். பல பக்கங்கள் அவருக்கு மனப்பாடமாயிருந்தன. தம் தகப்பனார் மூச்சு வாங்கும் இடத்தில் அவளையும் நிறுத்தச் சொன்னார்.

கடைசி அத்தியாயங்கள் வந்தபோது பக்கத்து வீடுகளிலிருந்தும் சிலர் வந்து வாசலில் அமர்ந்தனர். வாசித்து முடித்ததும் பேத்தி புத்தகத்தை மூடிவிட்டுத் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் முடித்திருக்கிறார்” என்றார் பெரியவர். சற்றுப் பொறுத்து நம்மைப் பார்த்து, “ஆனால் எங்கள் அப்பா சொன்ன முடிவில், கடைசியாக அரிசி ஸ்டோர் கணக்கப்பிள்ளை பிடிபடுவார், ஐயா. இதில் அவர் வரவே இல்லையே” என்றார்.